பாகு பதம் பார்த்த எஞ்சின் எண்ணெய்

என் மகன் ஓர் எண்ணெய் ஆலையின் சோதனைக்கூடத்தில் வேலை செய்கிறான். போன வாரம் சாப்பிட உட்கார்ந்தவன் தன் வேலையைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தான். எஞ்சின் சூடானால் எண்ணெய் தண்ணீராக இளகிவிடுமாம். இளகினால் இரும்போடு இரும்பு உரசித் தேய்ந்துபோகுமாம். அதற்காகவே எண்ணெயில் பாலிமர் என்று ஒன்றைக் கலக்கிறார்கள். ரப்பருக்கு ஒன்றுவிட்ட தம்பி மாதிரியாம் அது. குளிரில் சுருண்டு கிடக்கும், சூட்டில் விரிந்து எண்ணெயைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும் என்றான்.

"அப்போ சேக்காட்டு ஆண்டை ரப்பரைக் கலந்தாரே, அந்த யோசனை ஒண்ணும் தப்பில்லம்மா. போட்ட சரக்குதான் தப்பு" என்று சொல்லிச் சிரித்தான்.

கையிலிருந்த கரண்டியைச் சட்டியில் எறிந்தேன். குழம்பு அவன் சட்டையில் தெறித்தது. தெறிக்கட்டும். யோசனை தப்பில்லையாம்! அவனுக்கு அது படிப்பு. எனக்கு அது அரைக் காணி நெல். வயதான பிறகு எழுதக் கற்றுக்கொண்ட கை இது. எழுத்து கோணலாக வந்தாலும் பரவாயில்லை, எழுதித்தான் தீருவேன்.

வெள்ளைக்காரன் சண்டை போட்டுக்கொண்டிருந்த காலம். ஆவடிப் பக்கம் பட்டாளத்து லாரிகள் ஓயாமல் ஓடின. நாங்கள் சேக்காட்டில் ஒரு நிலக்காரரிடம் கூலி வேலை செய்தோம். அவரைத்தான் 'ஆண்டே' என்று கூப்பிடுவோம். அவர் கிணற்றில் தண்ணீர் இறைக்கிற ஆயில் எஞ்சினை ஓட்டியவர் என் வீட்டுக்காரர். அந்த வருஷம் ஆண்டைக்கு என்ன தோன்றியதோ, அரைக் காணியை எங்களுக்கு வாரத்துக்கு விட்டார். விளைவதில் பாதி அவருக்கு, பாதி எங்களுக்கு. ஊரார் வயலிலெல்லாம் கூலிக்கு நட்டவள் நான். முதல் தடவையாக எங்களுக்கென்று நட்டேன். வரப்பில் நின்று பார்த்துக்கொண்டே இருப்பேன். வேலை கெடுகிறது என்று என் வீட்டுக்காரர் கேலி செய்வார்.

ஏரி வற்றிவிட்டதால் எல்லோருக்கும் அந்தக் கிணறுதான் கதி. முறை வைத்துத் தண்ணீர் விடுவார்கள். முதலில் ஆண்டையின் வயல், அடுத்து அவருடைய பங்காளிகளின் வயல், கடைசியில் எங்களுடையது.

எஞ்சினுக்கு ஊற்றுகிற நல்ல எண்ணெய் முழுக்கப் பட்டாளத்துக்குப் போய்விட்டது. லாரியிலிருந்து வடித்த பழைய எண்ணெயை ஆண்டை யாரையோ பிடித்து வாங்கி வந்தார். மை மாதிரி கறுப்பு, தண்ணீர் மாதிரி இளக்கம்.

அவர் கரும்பும் போடுவார். வெல்லம் காய்ச்சும்போது பதம் பார்ப்பதில் அவரை மிஞ்ச அந்தச் சுற்றுவட்டாரத்தில் ஆள் கிடையாது. கொதிக்கிற பாகில் ஒரு துளி எடுத்து இரண்டு விரலுக்கு நடுவில் வைத்து நசுக்கிப் பிரிப்பார். நூல் இழுக்கிற நீளத்தைப் பார்த்து "எறக்கு" என்பார். அவர் சொன்னால் சொன்னதுதான். சென்னீர்குப்பத்திலிருந்து கூட ஆள் அனுப்பிக் கூட்டிக்கொண்டு போவார்கள். அந்த விரலை எடுத்துக்கொண்டு மனுஷன் எஞ்சின் எண்ணெய்க்கு வந்தார். நசுக்கிப் பார்த்தார். நூல் வரவில்லை.

"தண்ணியா கீது. பதம் ஏத்தணும்" என்றார்.

பழைய சைக்கிள் டியூபுகளை வாங்கி வந்து துண்டு துண்டாக வெட்டச் சொன்னார். ஓட்டை விழுந்த வெல்லக் கொப்பரையை அடைத்து, அந்த எண்ணெயை ஊற்றி, டியூபைப் போட்டுக் காய்ச்சினார். அடுப்புக்கு விறகு தள்ளியவள் நான். அந்த நாற்றம் தலைமுடியில் ஏறி, சீயக்காய் போட்டும் போகவில்லை. ஆறிய பிறகு விரலால் தொட்டுப் பிரித்தார். நூல் முழ நீளம் வந்தது. பங்காளிகளெல்லாம் வந்து ஆளுக்கு ஒரு விரல் தொட்டுப் பார்த்து மெச்சினார்கள். கலியாணச் சாப்பாடு ருசி பார்க்கிற மாதிரி.

என் வீட்டுக்காரர் மட்டும் தயங்கினார். "ஆண்டே, ஆறிப்போயி கீறப்ப நூலு வருது. எஞ்சினு உள்ள நெருப்பா கொதிக்குமே. இது தீஞ்சி எண்ணெ போற தொளைய அடச்சிக்கினா இன்னா பண்றது?"

"பதம் பாக்க நீ எனக்குக் கத்துக் குடுக்கிறியா? ஊத்துடா."

ஊற்றினார். வேறென்ன செய்வார்?

ஆண்டையின் வயல் நன்றாகவே நனைந்தது. பங்காளிகளின் முறை வந்தபோது எஞ்சின் இருமத் தொடங்கியது. பாதி வயல் பாய்வதற்குள் ஒரு முனகல் முனகி நின்றுவிட்டது. சக்கரத்தை நாலு பேர் பிடித்துத் திருப்பியும் அசையவில்லை. பூந்தமல்லியிலிருந்து ஃபிட்டர் வந்து கழற்றினார். உள்ளே பிஸ்டனைச் சுற்றிக் கறுப்பாகப் பசை காய்ந்து இறுகிக் கிடந்தது. தீய்ந்த டியூப் வாடை கொட்டகை முழுக்க அடித்தது. மூக்குள்ளவன் எவனுக்கும் தெரியும் அது என்ன வாடையென்று. ஒருவனும் வாய் திறக்கவில்லை.

சாமான் பட்டணத்திலிருந்து வரவேண்டும், யுத்த காலத்தில் எப்போது வருமோ தெரியாது என்று ஃபிட்டர் சொல்லிவிட்டுப் போனார். எங்கள் நெல் அப்போதுதான் பால் பிடித்திருந்தது. தண்ணீரில்லாமல் கதிர் வெளுத்து, நிமிர்ந்தே நின்றது. மணி பிடித்திருந்தால் தலை சாய்ந்திருக்கும். நானும் அவரும் கிணற்றில் குடத்தைக் கட்டி இறைத்து ஊற்றினோம். அது யானைப் பசிக்குச் சோளப்பொரி.

பங்காளிகளுக்கும் பயிர் போய்விட்டது. அவர்கள் ஆண்டையை நெருக்க ஆரம்பித்தார்கள். ஒரு நாள் காலையில் ஆண்டை எங்கள் குடிசைப் பக்கம் வந்தார். அவர் அந்தப் பக்கம் கால் வைத்து நான் பார்த்ததே இல்லை. என் வீட்டுக்காரரைத் தள்ளி அழைத்துப் போய், குரலைத் தாழ்த்திப் பேசினார். எனக்கு எல்லாம் கேட்டது.

"நீ எண்ணெ ஊத்த மறந்துட்டேன்னு சொல்லிடு. நெலம் அடுத்த போகத்துக்கும் உங்கிட்டயே கெடக்கட்டும். நான் பாத்துக்கறேன்."

அவர் போனதும் நான் பிடித்துக்கொண்டேன். "ஊத்துனத ஊத்தலன்னு எப்டிய்யா சொல்லுவ? டியூப வேக வெச்சது நீயா?"

"நெலம் கெடைக்குதில்ல? வாயிதானே, சொல்லிட்டுப் போறேன்" என்றார்.

அன்று எனக்கு வந்த கோபத்தில் பாதி ஆண்டை மேல், பாதி இவர் மேல். இவர் மேல் வந்ததுதான் அதிகம் சுட்டது. ஆனால் வாரம் கிடைக்குமே என்ற ஆசை எனக்கும் இல்லாமல் இல்லை. அதனால்தான் வாயை மூடிக்கொண்டு அவர் பின்னால் போனேன்.

எஞ்சின் கொட்டகை முன்னால் பங்காளிகள் உட்கார்ந்திருந்தார்கள். என் வீட்டுக்காரர் தோள் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார். "எண்ணெ ஊத்த மறந்துட்டேன் ஆண்டே. எம்மேல தப்பு" என்று சொல்லிவிட்டு நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்களே, அதைக் கண்ணால் பார்த்தேன்.

பங்காளிகளில் மூத்தவர் ஆண்டையைப் பார்த்துக் கேட்டார். "ஒரு எஞ்சினுக்கு எண்ணெ ஊத்தத் தெரியாதவன். இவங்கிட்டப் போயி நெலத்தக் குட்த்து வெச்சிகினு கீறியே. குடுக்கலாமா?"

ஆண்டை கொஞ்சம் யோசிக்கிற மாதிரி இருந்தார். என் பக்கம் திரும்பவே இல்லை.

"நீங்க சொல்றதும் நியாயந்தான்" என்றார்.

அந்த இடத்திலேயே எங்கள் அரைக் காணியை வேறொருவனுக்கு வாரத்துக்குப் பேசி முடித்தார்கள். என் வீட்டுக்காரரை எழுந்திருக்கச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. பேச்சு முடிகிற வரைக்கும் அவர் தரையில்தான் கிடந்தார்.