சீட்டு வாங்காத வள்ளியாத்தாள்

வெண்ணந்தூருக்கு மேற்கே இருக்கும் அந்த ஊரில் மானம் என்ற ஒன்று வள்ளியாத்தாளிடம் கொஞ்சம் கூடுதலாகவே இருந்தது. ஆறு ஏக்கர் காடும் கிணறும் இரண்டு எருமையும் உள்ள வீட்டுக்காரி ஓசியில் பஸ் ஏறினாள் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது. ஆனால் தினமும் பத்தரை மணி டவுன் பஸ்ஸில் ராசிபுரம் போயாகவும் வேண்டும். தங்கை குஞ்சம்மாள் இருந்தது அங்கேதான்.

முப்பது வருஷமாக அக்காளும் தங்கையும் கல்யாணத்திலும் இழவிலும் மட்டுமே பார்த்துக்கொண்டார்கள். பஸ் காசுக்குக் கணவர் சின்னுசாமியிடம் காரணம் சொல்ல வேண்டும். "சும்மா பார்த்துட்டு வாரேன்" என்பது அவர் அகராதியில் காரணமே அல்ல. பெண்களுக்குக் கட்டணமில்லை என்று வந்த பிறகுதான் இருவருக்கும் தினமும் உட்கார்ந்து சண்டை போடும் பாக்கியம் கிடைத்தது. சின்ன வயதில் பாதியில் விட்ட சண்டைகளே ஏராளம்.

மானத்துக்கும் பஸ்ஸுக்கும் நடுவே வள்ளியாத்தாள் ஒரு வழி கண்டுபிடித்தாள். கண்டக்டர் ஜெயபிரகாஷ் காசில்லாச் சீட்டைக் கிழிக்க மெஷினைத் தூக்கியதும் கையை ஆட்டிவிடுவாள்.

"சீட்டெல்லாம் வேண்டாஞ்சாமி. நாம ஓசி வாங்கற குடும்பமில்ல."

சீட்டை வாங்கினால்தானே ஓசி? வாங்காவிட்டால், தெரிந்த பையனின் வண்டியில் கூடப் போவதாகத்தானே அர்த்தம்? காட்டுக்காரம்மாவே வாங்கவில்லை என்றதும், களையெடுக்கப் போகும் ராசாத்தியும் அவள் கூட்டமும், "எங்களுக்கு மட்டும் மானமில்லையா?" என்று கையை ஆட்டினார்கள். ஜெயபிரகாஷ் ஒரு வாரம் கெஞ்சிப் பார்த்தான். பிறகு ஓய்ந்துவிட்டான்.

இப்படியே ஏழெட்டு மாதம் போனது. ஒரு திங்கட்கிழமை அவனே சொன்னான்.

"ஒண்ணாந்தேதியிலிருந்து இந்த வண்டி வராதுங்கம்மா."

"ஏஞ்சாமி? நிக்கக்கூட எடமில்லாம போகுதே!"

"அது உங்களுக்கும் எனக்கும் தெரியுது. டிப்போவுக்கு மெஷின்தானுங்க கண்ணு. அதுல எட்டு ஆம்பளைங்கதான் ஏறியிருக்காங்க. உங்க சீட்டைக் காட்டினாத்தான் கவர்மென்ட்டு டிப்போவுக்குப் பணம் கொடுக்கும். சீட்டே இல்லைன்னா யாரு கொடுப்பாங்க? ஆளில்லாத வண்டின்னு எழுதிட்டாங்க."

"இதை முன்னாடியே சொல்றதுக்கென்ன?"

"சொல்ல உட்டீங்களா? இன்னும் ஒரு வாரம் பார்ப்பாங்களாம். அதுலயாவது கூட்டம் தெரியணும்."

அன்று தங்கையோடு சண்டைகூடச் சரியாக அமையவில்லை. "ஒடம்பு கிடம்பு சரியில்லையா?" என்று குஞ்சம்மாள் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

மறுநாள் பார்த்து சின்னுசாமியின் மொபெட் பஞ்சர். அவரும் அதே பஸ்ஸில் ஏறினார். டீக்கடையில் தினமும் பேசுவதைப் பின்சீட்டில் உட்கார்ந்து தொடங்கினார்.

"பொம்பளைகளுக்கு ஓசி பஸ்ஸு உட்டுத்தான் நாடே கடனாளியாச்சு. யாரு ஊட்டுக் காசு? நாம கட்டற வரி!"

வள்ளியாத்தாள் சீட்டுகளுக்கு நடுவே எழுந்து நின்று, வண்டி முழுக்கக் கேட்கும்படி சொன்னாள்.

"சாமி, எனக்கொரு ஓசிச் சீட்டு குடு."

சின்னுசாமி பாதி எழுந்துவிட்டார். "ஏம்புள்ள, மானம் போகுது! கண்டக்டரு, அதுக்கும் நான் காசு குடுத்தர்றேன்."

"பொம்பளைங்ககிட்டக் காசு வாங்க மெஷின்ல வழியே இல்லீங்க."

"ஏனுங்க," என்றாள் வள்ளியாத்தாள், "நம்ம கெணத்து மோட்டாரு ஓடுதே, என்னிக்காச்சும் கரண்டு பில்லு கட்டியிருக்கீங்களா?"

"அது வெவசாயத்துக்கு!"

"தண்ணி போனா மானியம், பொம்பள போனா ஓசியாக்கும்?"

"அப்படிக் கேளுங்கம்மா!" என்றாள் ராசாத்தி.

"உரமூட்டையை இன்னும் சொல்லவேயில்ல!" என்று பின்னாலிருந்து ஒரு குரல் எடுத்துக்கொடுத்தது. சின்னுசாமி, குச்சிக்கிழங்குக் காட்டை வாழ்க்கையில் அன்றுதான் முதன்முதலாகக் காண்பவர்போல் ஜன்னலுக்கு வெளியே பார்க்க ஆரம்பித்தார்.

அந்த வாரம் முழுக்க வள்ளியாத்தாள் படிக்கட்டில் நின்று, சீட்டு வாங்காத ஒருத்தியையும் உள்ளே நகரவிடவில்லை. சந்தைக்குக் கூடையில் கோழி கொண்டுவந்த கிழவியிடமும், "அதுக்கும் ஒண்ணு வாங்கு" என்றாள்.

"கோழிக்குக் கிடையாதுங்கம்மா."

"பொட்டைக்கோழிதானே சாமி, கிழி!"

ஜெயபிரகாஷ் கும்பிட்டான். மெஷினில் காகிதச் சுருள் இரண்டு முறை தீர்ந்தது.

ஒன்றாம் தேதி வள்ளியாத்தாள் ஒன்பதரைக்கே நிறுத்தத்துக்கு வந்துவிட்டாள். பத்தரை ஆயிற்று, பத்தே முக்காலும் ஆயிற்று. வண்டி வரவில்லை. ராசாத்தி கூட்டம் காட்டுக்கு நடக்கத் தொடங்கியது. வள்ளியாத்தாள் மட்டும் நகரவில்லை. பதினொன்றடிக்கப் போகும்போது வளைவில் ஹாரன் கேட்டது.

"ரயில்வே கேட்டுல மாட்டிக்கிட்டோம்" என்றான் ஜெயபிரகாஷ். "வண்டி நிக்கலீங்கம்மா. இப்போதைக்கு ஓடட்டும்னுட்டாங்க."

அவள் கையை நீட்டிச் சீட்டை வாங்கிக்கொண்டாள்.

ராசிபுரத்தில் குஞ்சம்மாள் வாசலிலேயே பிடித்துக்கொண்டாள். "இத்தனை நேரமா? நின்னே போச்சாக்கும்னு சந்தோசமா இருந்தேன். ஒருநாளாச்சும் மத்தியானம் கண்ணசந்திருப்பேன்."

"அதுக்குத்தான் வண்டியை நிக்கவுடாமப் பண்ணினேன்."

"பெரிய இவ!" என்று குஞ்சம்மாள் உள்ளே போனாள். அடுப்படியில் இரண்டு பேருக்கான சோறு அப்போதுதான் கொதித்துக்கொண்டிருந்தது.