நடனமும் லாரியும் மோதாத சண்டை

புக்கிட் மெர்தாஜாமிலிருந்து பினாங்குத் தீவுக்கு நாங்கள் மூன்று பேர் ஒரே காடியில், அதாவது ஒரே காரில், வேலைக்குப் போய் வருகிறோம். ஓட்டுபவரை நான் அண்ணன் என்று கூப்பிடுவேன். துறைமுகத்துக்கு வரும் சரக்குகளுக்குத் தாள்கள் தயார் செய்யும் எங்கள் அலுவலகத்தில் எனக்கு இரண்டு மேசை தள்ளி உட்காருபவர். தமிழ் முஸ்லிம். அவர் குடும்பம் ஒரு காலத்தில் சாப்பாட்டுக் கடை வைத்திருந்ததால், ஜார்ஜ் டவுனில் எந்தக் கடைக் குழம்பை வாயில் வைக்க முடியாது என்று தெரு வாரியாகச் சொல்வார். முன் இருக்கையில் சார். பள்ளிக்கூடத்தில் அறிவியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர், இப்போது எங்கள் கட்டடத்தின் மேல்மாடியில் ஒரு காப்புறுதி அலுவலகத்தில் பகுதிநேர வேலை. அண்ணனைவிட நான்கு வயதுதான் மூத்தவர். ஆனாலும் அவரைத் ‘தம்பி’ என்றுதான் கூப்பிடுவார். அண்ணனுக்கு அது பிடிக்காது. பின் இருக்கை எனக்கும் என் சாப்பாட்டுப் பைக்கும்.

முதல் நாள் நான் ஏறி உட்கார்ந்தபோதே இரண்டு பேரும் எதையோ காரசாரமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

“லாரி நேரா வந்து மோதுனா நடனம் என்னா ஆவும் சார்? மொத நிமிஷத்துலயே படுத்துரும்லா” என்றார் அண்ணன்.

“மோதுனாத்தானே தம்பி? நடனம் அங்கயே நிக்குமா?” என்றார் சார்.

ஏதோ நாட்டியம் ஆடும் பிள்ளையை லாரி அடித்துவிட்டது என்று நினைத்து எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. “ஐயோ! எங்கண்ணே நடந்துச்சு?” என்றேன்.

“நடக்கவே இல்ல தங்கச்சி. அதான் பிரச்சினையே” என்றார் அண்ணன், உண்மையான வருத்தத்தோடு.

பிறகுதான் புரிந்தது. நடனமும் லாரியும் இரண்டு குத்துச்சண்டை வீரர்களுக்கு இவர்கள் வைத்த பட்டப்பெயர்கள். இருவருமே ஹெவிவெயிட் சாம்பியன்கள். நடனம் இவர்கள் சின்னப் பையன்களாக இருந்த காலத்தவர், கால் தரையில் பாவாமல் ஆடிக்கொண்டே குத்துபவர். லாரி அவருக்கு வெகுகாலம் பின்னால் வந்தவர், நேராக உள்ளே புகுந்து ஒரே குத்தில் ஆளைச் சாய்ப்பவர். ஒருவர் ஓய்ந்த பிறகே மற்றவர் வந்ததால் இருவரும் மோதவே இல்லை. மோதியிருந்தால் யார் ஜெயித்திருப்பார்? நான்கு வருடமாகக் காலையும் மாலையும் இதே வழக்கு. அண்ணன் லாரி கட்சி, சார் நடனம் கட்சி. மூன்றாவது ஆள் இல்லாததால் தீர்ப்பு இல்லை.

இப்போது மூன்றாவது ஆள் வந்துவிட்டேன்.

“எனக்கு பாக்ஸிங்கப் பத்தி ஒண்ணுமே தெரியாதே” என்றேன்.

“அதான் வேணும். தெரிஞ்சவன் ஏற்கனவே ஒரு பக்கம் சாஞ்சிருப்பான்” என்றார் சார்.

வீட்டில் இரவுச் சாப்பாட்டுக்கு என்ன சமைப்பது என்பதில்கூட என் முடிவை யாரும் கேட்பதில்லை. இங்கே இரண்டு பெரிய மனிதர்கள் உலக சாம்பியன்களை என் கையில் ஒப்படைக்கிறார்கள். ஒப்புக்கொண்டேன். என் வீட்டு வாசலிலிருந்து பாலம் ஏறும்வரை அண்ணன் வாதாட வேண்டும், பாலத்தில் சார் வாதாட வேண்டும், வெள்ளிக்கிழமை தீர்ப்பு என்று முடிவாயிற்று. பாலத்தில் ஜாம் இருந்தால் சாருக்கு நேரம் கூடுதலாகக் கிடைக்கிறது என்று அண்ணன் மறுநாளே புகார் செய்தார். நியாயமான புகார்தான். ஆனால் ஜாமை நான் எப்படிக் குறைப்பது?

செவ்வாய்க்கிழமை நான் ஒரே ஒரு கேள்வி கேட்டேன். “ரெண்டு பேருக்கும் அப்ப என்ன வயசு?”

“யாருக்கு?”

“சண்டை போடுறப்பலா. எந்த வயசு நடனம், எந்த வயசு லாரி?”

நான்கு வருடத்தில் இதை இவர்கள் பேசவே இல்லை. விசாரித்ததில், அண்ணன் இத்தனை நாளும் இருபத்து இரண்டு வயது லாரியை முப்பத்தெட்டு வயது நடனத்தோடு மோதவிட்டிருக்கிறார். சார் துள்ளுகிற வயது நடனத்தை, ஓய்ந்துபோன லாரியோடு நிறுத்தியிருக்கிறார். இரண்டு பேரும் நான்கு வருடமாக வெவ்வேறு சண்டையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“இது மோசடி சார்!” என்றார் அண்ணன்.

“நீங்க செஞ்சது மட்டும் என்ன தம்பி?”

வயது இருவருக்கும் இருபத்தைந்து என்று நான் உத்தரவு போட்டேன். பன்னிரண்டு ரவுண்டு. நடுவர் வேற்று நாட்டுக்காரர். இடம் எங்கே என்பதில் மட்டும் இழுபறி. அண்ணன் பினாங்கில்தான் வைக்க வேண்டும் என்றார். இந்தப் புழுக்கத்தில் ஆடி ஆடியே நடனம் களைத்துப்போகும் என்பது அவர் கணக்கு. நான் அதைத் தள்ளுபடி செய்து, குளிர்சாதன மண்டபம் என்று எழுதிக்கொண்டேன்.

தீர்ப்பு சொல்வதென்றால் ஒழுங்காகச் சொல்ல வேண்டும் என்று, சமைக்கும்போது கைப்பேசியை மசாலா டப்பாவில் சாய்த்துவைத்து இருவருடைய பழைய சண்டைகளையும் முழுதாகப் பார்த்தேன். என் வீட்டுக்காரர் இரண்டு நாள் கவனித்தார். மூன்றாம் நாள், “எதுக்கு இதெல்லாம் பாக்குற?” என்று கதவருகிலேயே நின்று கேட்டார். “வேலைக்கு வேணும்” என்றேன். அந்த வாரம் முழுவதும் அவர் சாப்பிட்ட தட்டைத் தானே கழுவி வைத்தார்.

வெள்ளிக்கிழமை பாலம் ஏறியதும் குறிப்பேட்டைத் திறந்தேன். “முதல் மூணு ரவுண்டு லாரிக்கு. நடனம் ஒரு தடவை விழுந்து எந்திரிக்கிறாரு. ஆனா லாரிக்குச் சீக்கிரம் முடிச்சிட்டு வீட்டுக்குப் போவணும். நடனத்துக்கு அவசரமே இல்ல. ஆறுக்கு மேல லாரிக்கு என்ன செய்யுறதுன்னே தெரியல. நடனம், பாயிண்ட்ல.”

சார் இரண்டு கைகளையும் தூக்கினார், கூரை இடித்தது. அண்ணன் வானொலியைப் போட்டார். அந்தக் காடியில் வானொலி இருக்கிறது என்பதே அன்றுதான் எனக்குத் தெரியும். பாலம் முடிகிற இடத்தில், “போன்ல பாத்தா சின்னதாத்தான் தெரியும். குத்தோட பாரம் தெரியாதுலா” என்றார், கண்ணாடியில் என்னைப் பார்க்காமல்.

எனக்குக் கஷ்டமாகப் போயிற்று. ஆனாலும் மாற்றிச் சொல்ல மனம் வரவில்லை. பார்த்ததைத்தானே சொன்னேன்.

வழக்கமாக ரொட்டி சானாய் சாப்பிடும் கடையில் உட்கார்ந்தோம். அண்ணன் பாதி ரொட்டியில் எழுந்துவிட்டார். “சார், எந்திரிங்க. லாரி எப்படி உள்ள வருவான்னு காட்டுறேன். தங்கச்சி பாக்கட்டும்.”

சாரும் வாயைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். மேசைகளுக்கு நடுவே, அறுபதைத் தொடுகிற ஒருவரும் தாண்டிய ஒருவரும் முஷ்டியை மடக்கிக்கொண்டு நின்றார்கள். சார் காலை மாற்றி மாற்றிப் பின்னால் துள்ளினார், நன்றாகத்தான் துள்ளினார். அண்ணன் தலையைக் குனிந்து, உடம்பை இடுப்போடு திருப்பி, கீழிருந்து ஒரு குத்து விட்டார். அது சார் மேல் படவே இல்லை. ஆனால் அண்ணனுடைய இடுப்பில் ‘மளுக்’ என்றது, எனக்கே கேட்டது. குனிந்தவர் குனிந்தபடியே நின்றுவிட்டார்.

“பாத்தீங்களா! படல!” என்று சார் உற்சாகமாக இன்னும் ஒரு துள்ளுப் பின்னால் வைத்தார். அங்கே ஒரு பிளாஸ்டிக் நாற்காலி இருந்தது. நாற்காலியும் சாரும் யாரோ குடித்துக்கொண்டிருந்த தே தாரிக் தேநீரும் சேர்ந்து விழுந்தன.

சாருக்குக் கணுக்கால் வீங்கிவிட்டது. அண்ணனால் நிமிர முடியவில்லை. அண்ணன் குனிந்தபடியே சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்து நீட்டினார். என்னிடம் லைசன்ஸ் இருந்தது. ஆனால் வீட்டுக் கதவில் ஒரு தடவை இடித்ததிலிருந்து பதினொரு வருடமாக நான் ஓட்டவில்லை. அதைச் சொன்னேன். “இப்ப நாங்க ரெண்டு பேரும் அதைப் பத்திக் கேக்குற நிலைமையிலயா இருக்கோம்?” என்றார் அண்ணன் தரையைப் பார்த்தபடி.

இரண்டாம் கியரிலேயே பக்கத்துக் கிளினிக்குக்குப் போய்ச் சேர்ந்தேன். பின் இருக்கையில் ஒருவர் குனிந்தும் ஒருவர் காலை நீட்டியும், அந்தக் குத்து பட்டிருக்குமா பட்டிருக்காதா என்று வழி முழுவதும் பேசிக்கொண்டே வந்தார்கள்.

டாக்டர் வயதானவர், யாழ்ப்பாணக் குடும்பம். இருவரையும் ஒன்றாகவே உள்ளே அழைத்தார். அண்ணன் படியில் சறுக்கியதாகச் சொன்னார். சாரும் படிதான் என்றார். டாக்டர் என்னைப் பார்த்தார். “நீங்களாவது உண்மையைச் சொல்லுங்கோ.”

சொன்னேன். அவர் பேனாவைக் கீழே வைத்தார். “இரண்டு பேருக்கும் என்ன வயது எண்டு வைச்சனீங்கள்?”

எனக்கு எழுந்து நின்று அவரைக் கும்பிட வேண்டும்போல் இருந்தது. இருபத்தைந்து என்றேன். அவர் தலையாட்டினார். பிறகு, இந்த இருவருக்கும் முன்னால் ஒரு சாம்பியன் இருந்தார், அவர் முன்னால் நின்றால் இரண்டு பேருமே ஐந்து ரவுண்டு தாங்கமாட்டார்கள் என்று நிதானமாகச் சொன்னார். அதுவரை எதிரெதிர்க் கட்சியாக இருந்த அண்ணனும் சாரும் ஒரே குரலில் டாக்டர்மேல் பாய்ந்தார்கள். வெளியே ஒரு குழந்தை அழுதுகொண்டிருந்தது. நர்ஸ் இரண்டு தடவை கதவைத் திறந்து பார்த்துவிட்டுப் போனாள்.

அண்ணன் மூன்று வாரம் ஓட்டக் கூடாது என்றாகிவிட்டது. நான்தான் ஓட்டினேன். முதல் திங்கட்கிழமை பாலத்தில் ஏறும்போது என் உள்ளங்கை வேர்த்து ஸ்டீயரிங் வழுக்கியது. பக்கத்தில் அண்ணன், முதுகுக்குத் தலையணை வைத்துக்கொண்டு, இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தார். நடுப்பாலம் தாண்டியதும் எனக்குப் பயம் போய்விட்டது. கடலைக்கூடத் திரும்பிப் பார்த்தேன். “ரோட்டப் பாருங்க தங்கச்சி!” என்று இருவரும் கத்தினார்கள்.

இரண்டாவது வாரம் பின் இருக்கையிலிருந்து சார், யாரும் கேட்காமலே, “ஒண்ணு சொல்லணும் தம்பி. நடனத்தோட ஒரு சண்டையக்கூட நான் முழுசாப் பாத்ததில்ல. அப்ப எங்க வீட்டுல டிவி இல்ல. மறுநாள் பேப்பர்ல படிச்சதுதான்” என்றார்.

“நானும் லாரி ஆள விழுத்தாட்டுறத மட்டும்தான் சார் பாத்திருக்கேன். மிச்சத்த வேகமா ஓட்டிருவேன்” என்றார் அண்ணன். அப்புறம் இரண்டு பேரும் சிரித்தார்கள். அண்ணன் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, “சிரிக்க வைக்காதீங்க சார், வலிக்குது” என்று கெஞ்சினார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சார் வீட்டில் மூன்று குடும்பமும் கூடினோம். என் வீட்டுக்காரரும் வந்தார். விஷயம் என்னவென்று அன்றுதான் அவருக்கு முழுதாகத் தெரிந்தது, முகத்தில் பெரிய நிம்மதி. நடனத்தின் பெரிய சண்டை ஒன்றை முதல் ரவுண்டிலிருந்து போட்டோம். நான்காவது ரவுண்டில் சார் வாயைத் திறந்து தூங்கிவிட்டார். எழுப்பப் போன அவர் மனைவியைக் கைகாட்டி நிறுத்திவிட்டு, அண்ணன் தலையணையை ஊன்றி மெதுவாக எழுந்து போய்ச் சத்தத்தைக் குறைத்தார்.