செங்கல் ரூட்

பின்னால் ஹாரன் கேட்டால் செங்கல்வராயனின் கை தானாக ஹேண்டில்பாரை இடது பக்கம் ஒடிக்கும். வர்தா புயல் அடித்த வருஷத்திலிருந்து இப்படித்தான். திருமுல்லைவாயல் தாண்டி ஒரு தண்ணீர் லாரி காதுக்குள் புகுந்ததுபோல் அலற, சைக்கிளோடு பள்ளத்தில் விழுந்தார். உடைந்த காறை எலும்பு ஆறு வாரத்தில் கூடியது. கையின் பயம் போகவில்லை.

அதுவரை இருபது வருஷம் அம்பத்தூர் எஸ்டேட்டுக்கு சைக்கிளில் வேலைக்குப் போனவர். இப்போது வெள்ளானூரிலிருந்து ஷேர் ஆட்டோ, ஆவடியிலிருந்து பட்டரவாக்கத்துக்கு ரயில். பிரஸ் ஷாப்பில் நாளெல்லாம் தகடு அடிபடும் சத்தம் அவரை ஒன்றும் செய்யாது.

"அம்மாம் சத்தத்துல வேலை செய்யிற ஆளு, ஹாரனுக்கு நடுங்குது" என்று மனைவி நாகவல்லி சிரிப்பாள். ஆனால் சைக்கிளை விற்க ஆள் கூட்டி வந்தபோது பூட்டுச் சாவியை ஒளித்து வைத்தவளும் அவள்தான்.

சைக்கிளில் வேலைக்குப் போவது நின்றதால் ஞாயிற்றுக்கிழமைகளில் அதைத் தள்ளிக்கொண்டு நடந்தார். நடந்து நடந்து, வண்டி வராத தடங்களாகப் பார்த்து ஒன்றோடொன்று கோத்தார். மூன்று வருஷம் ஆனது. மனைக்கல் நட்ட பொட்டலைக் கடந்து ஏரிக்கரை. கரை முடியும் இடத்தில், ஏரி நிரம்பினால் தண்ணீர் வழியும் கலங்கலில் இறங்கினால் செம்மண் மேடுகள். ஒன்றில் ஏறினால் மூச்சு வாங்கும், இறங்கும்போது பெடலை மிதிக்கவே வேண்டாம். நாலு மேடு தாண்டி ஒரு கொய்யாத் தோப்பு. அதற்கப்பால் கால்வாய்க்கரை, தைல மரங்கள், சுற்றிக்கொண்டு மறுபடி ஏரி. முப்பத்தோரு கிலோமீட்டர். ஒரு ஹாரன் கிடையாது. அங்கே மட்டும் அவர் கை அவர் பேச்சைக் கேட்டது.

தோப்பு இல்லாவிட்டால் வழி இல்லை. அதைச் சுற்றிப் போக வேண்டுமானால் வெளிவட்டச் சாலையோரம் இரண்டு கிலோமீட்டர் லாரிகளோடு ஓட்ட வேண்டும். தோப்பைக் குத்தகைக்கு எடுத்திருந்தவள் சரசா. அவர் வயதுதான் இருக்கும். முதல் நாள் தோப்பு வாசலை மறித்துக் கட்டிய படலுக்கு வெளியே நின்றவரைப் பார்த்து, "இன்னாய்யா, வழி தப்பிட்டியா?" என்றாள்.

"இல்லம்மா. சுத்திக்கினு போனா லாரி ரோடு. எனக்கு ஆவாது."

"ஆம்பள, லாரிக்கு பயப்படுவியா?"

"பயந்தான்."

இவ்வளவு சுலபமாக ஒத்துக்கொள்வார் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. வாய்விட்டுச் சிரித்தாள். "சரி, போ நைனா. படலை அவுத்தா திரும்பக் கட்டணும். உள்ள ஆடு கீது. நீ மட்டும்தான் வரணும். ஊரைக் கூட்டிக்கினு வந்த, அப்புறம் நான் மனுசியா இருக்க மாட்டேன்."

"யாரையும் இட்டாரமாட்டேன்."

நாலு வருஷம் அந்தச் சொல் நின்றது. படலை அவிழ்க்கும்போதெல்லாம் திரும்பக் கட்டினார். கொய்யாக் காலத்தில் அவள் பையில் போட்டுக் கொடுப்பாள்.

பிராங்குக்காக மட்டும் ஒருமுறை கேட்டார். பிராங்க் அதே கம்பெனியில் குவாலிட்டி செக்ஷன், ஆவடிக்காரன், ஞாயிற்றுக்கிழமை சைக்கிள் கிளப் ஒன்றின் தலைவன். பள்ளத்தில் விழுந்த அன்று அவரைத் தூக்கி ஆட்டோவில் போட்டவன் அவன்தான். "இவன் ஒருத்தன் மட்டும் சரசா" என்றார். அவள் பிராங்கை மேலும் கீழும் பார்த்து, சரி என்றாள். நிபந்தனையை மறுபடி சொன்னாள். பிராங்க் பக்கத்தில் நின்று கொய்யா கடித்துக்கொண்டே தலையாட்டினான்.

அதற்கப்புறம் செங்கல்வராயனின் போனில் அவன் ஒரு ஆப் போட்டுக் கொடுத்தான். எத்தனை கிலோமீட்டர் மிதித்தார், எந்த வழியில் போனார் என்று அது காட்டும். அதிலுள்ள ஆங்கிலம் அவருக்கு ஓடாது. திங்கட்கிழமை டீ நேரத்தில் போனை அவனிடம் நீட்டுவார், அவன் பார்த்துச் சொல்வான். ஒரு திங்கட்கிழமை, "அண்ணாத்தே, உன் பேரைப் போட்டுடட்டா?" என்று கேட்டான்.

கிளப்பில் சேர்க்கிறான் என்று நினைத்தார். "போடு, போடு" என்றார். மனசுக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

மூன்றாவது ஞாயிறு ஏரிக்கரையில் எதிரே எட்டு பேர் வந்தார்கள். உடம்போடு ஒட்டிய சட்டை, கறுப்புக் கண்ணாடி. "சார், செங்கல் ரூட் இதுதானே?" செங்கல் சூளையைக் கேட்கிறார்கள் என்று நினைத்து, சூளை அந்தப் பக்கம் என்று கை காட்டினார். அடுத்த வாரம் இருபது பேர். அதற்கடுத்த வாரம் ஏரிக்கரையில் புல்லட் ஓடியது. பின்னால் அதன் ஹாரன் கேட்டதும் அவர் கை ஒடித்தது. சைக்கிள் கரைச்சரிவில் இறங்கி முட்செடியில் நின்றது.

முள்ளைப் பிடுங்கிவிட்டுத் தோப்புக்குப் போனபோது படல் இருந்த இடத்தில் இரும்புக் கேட். சங்கிலி, பூட்டு. சரசா உள்ளே நின்றிருந்தாள்.

"வாங்க" என்றாள்.

நாலு வருஷமாக நைனா, வா, போ என்றவள்.

"இன்னா சரசா, புதுசா..."

"படலை அவுத்துப் போட்டுட்டுப் போய்ட்டாங்க. ஆடு ரோட்டுக்குப் போச்சி. செனை ஆடு. லாரி ஏறிடுச்சி." அவள் குரலை உயர்த்தவில்லை. "போறவங்களை நிறுத்திக் கேட்டேன், யாரு சொல்லி வந்தீங்கன்னு. போன்ல காட்டினாங்க. தோப்பு கீது, என் படல் கீது, மேல உங்க பேரு கீது."

"எனக்கு ஒண்ணும் தெரியாது சரசா."

"உங்க பேருதான? செங்கல்வராயன். எனக்குப் படிக்கத் தெரியும்."

பிராங்க் என்று சொல்ல வாயெடுத்தார். அவனை அங்கே கூட்டி வந்தவரும் அவர்தான்.

"போங்க. வெயில் ஏறுது" என்றாள்.

அன்று லாரி ரோட்டில் இரண்டு கிலோமீட்டரும் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே நடந்தார்.

மறுநாள் டீ நேரத்தில் பிராங்கைப் பிடித்தார். "போன்ல போட்டியே, அத்த எடுத்துடு."

"இன்னாத்துக்கு அண்ணாத்தே? உன் பேர்லதான கீது! எங்கனா என் பேரு கீதா பாரு. வேற எவனா இருந்தா தன் பேரைப் போட்டுக்குவான்."

"சரசா சொன்னப்போ நீ பக்கத்துலதான நின்ன?"

பிராங்க் டீயை ஊதினான். "ஆறாயிரம் பேரு எறக்கிட்டான். இப்ப எடுத்தா மட்டும் அவன் போன்லேர்ந்து போய்டுமா? உன்னைக் கேட்டுத்தான் செஞ்சேன். பேரைப் போடட்டான்னு கேட்டேன், போடுன்ன."

"கிளப்புல போடறேன்னு நெனச்சேன்டா."

"அதுக்கு நான் இன்னா பண்ணுவேன்?"

கேட்ட அன்று பிராங்க் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. ஏற்கெனவே துடைத்திருந்த வெர்னியர் அளவுகோலை மறுபடி துடைத்துக்கொண்டிருந்தான். அது இப்போது ஞாபகம் வந்தது. அவர் என்ன நினைத்துக்கொள்வார் என்று தெரிந்துதான் கேட்டிருக்கிறான். தூக்கி ஆட்டோவில் போட்ட அதே கை. செங்கல்வராயன் டீயைக் குடிக்காமல் மேஜையில் வைத்துவிட்டு மெஷினுக்குப் போனார்.

அடுத்த ஞாயிறு ஆறு மணிக்கு ஏரிக்கரை தொடங்கும் இடத்தில் சைக்கிளைக் குறுக்கே நிறுத்திக்கொண்டு நின்றார். ஐந்து பேர் வந்தார்கள்.

"வழி இல்ல. தோப்பை மூடிட்டாங்க" என்றார்.

ஹெல்மெட் போட்ட ஒரு பெண் போனைப் பார்த்தாள். "மேப்ல ஓப்பன்னு இருக்கே அங்கிள்?"

"யாரு போட்டது?"

"செங்கல்வராயன்னு ஒருத்தர். இந்த ஊர்தானாம். தெரியுமா?"

"தெரியும்." எச்சில் விழுங்கினார். "அந்தாளை நம்பிப் போவாதீங்க. சொன்ன சொல்லுல நிக்காத ஆளு."

அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "ஃபிராடு போல" என்று ஒருவன் சிரித்தான். சைக்கிள்களைத் திருப்பிக்கொண்டு போனார்கள்.

ஒன்பது மணிக்குள் இன்னும் மூன்று கூட்டம் வந்தது. கடைசிக் கூட்டத்திடம் சொல்லும்போது அவருக்கு எச்சில் விழுங்க வேண்டியிருக்கவில்லை.