சட்டைப் பையில் ஒரு குமிழ்

முதலில் விளக்குகள், பிறகு சக்கரத் தட்டுகள், கடைசியாக முன்முகத்து வலை. வலையின் இடுக்குகளுக்கென்றே வீட்டார் தேய்த்துத் தீர்ந்த பல் பிரஷ்களை ஒரு டப்பாவில் சேர்த்து வைத்திருக்கிறார் ஜாபேஸ் சார். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்தால் காப்பி குடிப்பதற்கு முன்பே வண்டியின் எதிரில் குத்தவைத்துவிடுவார். கோயிலுக்குப் போட்டுப்போன வெள்ளைச் சட்டையை மட்டும் கழற்றமாட்டார். குனியும்போதெல்லாம் இடக்கை தானாக எழுந்து சட்டைப் பையைப் பொத்திக்கொள்ளும். பைக்குள் இருப்பது கோலிக்குண்டு அளவில் ஒரு கறுப்புக் குமிழ். பானெட்டைத் திறக்க வண்டிக்குள்ளிருந்து இழுக்கிற கம்பியின் தலை அது. அதைத் திருகிக் கழற்றித் தன்னோடே வைத்துக்கொண்டு அலைகிறார். அது இல்லாமல் பானெட்டை யாராலும் திறக்க முடியாது.

முருகன்குறிச்சியின் பின்பக்கச் சந்தொன்றில் வீடு. பள்ளிக்கூடத்தில் பௌதிக வாத்தியார். ஆனால் பாளையங்கோட்டையில் பாடத்தைச் சொல்லி அவரை யாரும் அடையாளம் காட்டுவதில்லை. "நம்ம பிளசர் சாரா? அந்தால போயி எடது கைப் பக்கம் திரும்பும்" என்பார்கள். பிளசர் என்பது அவருடைய மாரிஸ் மைனர். ஐம்பதுகளில் வந்த வண்டி. உருண்ட முதுகு, தவளை முகம், பால்கோவா நிறம். அம்பாசமுத்திரத்தில் ஒரு வைக்கோல் கொட்டகைக்குள், பின்சீட்டில் கோழி அடைகாத்துக்கொண்டிருந்த கோலத்தில் அதைக் கண்டுபிடித்து லாரியில் ஏற்றி வந்தார். கோடை விடுமுறைகளையெல்லாம் அதற்கே கொடுத்தார். தகரத்தை அவரே தட்டி நிமிர்த்தினார். கதவு ரப்பர்களுக்குத் தேங்காயெண்ணெய் பூசி உயிர் கொடுத்தார். வண்டியை ஸ்டார்ட் செய்கிறேன் என்று அவர் சொல்லிக் கேட்டவர்கள் கிடையாது. "பைய இருங்க, பிள்ளைய எழுப்பிட்டு வாரேன்" என்பார்.

பழைய வண்டிப் பைத்தியம் பிடித்த நாலைந்து பேர் அவரைத் தேடி வருவதுண்டு. எல்லோருக்கும் அவர் ஓதுவது ஒரே மந்திரம்தான்: அசல். கண்ணாடி துடைப்பானின் ரப்பர்கூட அந்தக் கம்பெனி அச்சில் வந்ததாக இருக்க வேண்டும். ஒருவர் தன் பழைய வண்டிக்குள் ஏ.சி. மாட்டிவிட்டு வந்து பெருமையாகக் காட்டியபோது, ஜாபேஸ் சார் ஏறி உட்காரக்கூட மறுத்துவிட்டார். "அது வண்டி இல்ல வே, வேசம்" என்றார். அந்த வார்த்தை ஊருக்குள் பரவி, யாராவது தலைக்குச் சாயம் பூசிக்கொண்டு வந்தால்கூட, "வேசம் வே, வேசம்" என்று சிரிக்கிற அளவுக்கு ஆகிவிட்டது.

அந்தச் சிரிப்பில் அவரும் கலந்துகொள்வார். கலந்துகொள்ளும்போதே கை பைக்குப் போய்விடும்.

ஏனென்றால் அவருடைய பானெட்டுக்குக் கீழே இருப்பது ஒரு சின்ன வேனின் எஞ்சின்.

பாபநாசம் போய்த் திரும்பிய ஒரு சித்திரை வெயிலில் அது நேர்ந்தது. கல்லிடைக்குறிச்சி தாண்டியதும் ரேடியேட்டர் கொதித்து ஆவி கக்கியது. மரநிழலில் நிறுத்தி, பானெட்டைத் திறந்துவைத்து, எஞ்சின் ஆறும்வரை சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும். வகுப்பில் பிள்ளைகளுக்கு வெப்ப விரிவைப் பற்றி நடத்துகிறவருக்கு இது தெரியாததல்ல. ஆனால் எதிரே பேருந்து நிறுத்தம். நின்றிருந்த கூட்டத்திலிருந்து ஒருவன், "என்ன சார், பிளசருக்கு மூச்சு வாங்குதோ? தள்ளிவிடவா?" என்றான். ஒரு கிழவி பொக்கை வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். ஜாபேஸ் சாருக்குக் காது மடல்வரை சுட்டது. பக்கத்து வாய்க்காலில் ஒரு வாளி பச்சைத் தண்ணீர் மொண்டு வந்து, கொதித்துக்கொண்டிருந்ததற்குள் அப்படியே ஊற்றினார். உள்ளே எங்கேயோ 'ணங்' என்று ஒரு சத்தம். எஞ்சினின் வார்ப்பிரும்பு உடலில் குறுக்கே விரிசல் விழுந்துவிட்டது. கடைசியில் அந்தக் கூட்டமேதான் வண்டியைத் தள்ளியது.

வேன் எஞ்சினைத் தூத்துக்குடியில் வைத்து மாட்டினார், நெல்லையில் யார் கண்ணிலும் பட்டுவிடாதபடிக்கு. அது தையல் மிஷின் மாதிரி சீராக ஓடித் தொலைத்ததால், சைலன்சரில் துளை போட்டுப் பழைய இருமலை வரவழைத்தார். கல்யாணங்களுக்கு வண்டி கேட்டால் மறுப்பதில்லை. ஆனால் ரிப்பனை அவரே கட்டுவார். பானெட்டின் இரு பக்கமும் இழுத்து முடிந்து, நடுவில் பூச்செண்டு வைத்தால் அப்புறம் யார் திறக்கச் சொல்ல முடியும்? அப்படியும் போன தை மாதம் ஸ்டெபி என்கிற பெண்ணின் கல்யாணத்தில், மாப்பிள்ளையின் தோழன் ஒருவன் செல்போனை நீட்டிக்கொண்டு வந்துவிட்டான்.

"சார், எஞ்சினத் தெறங்க, ஒரு போட்டோ."

"கல்யாணப் பொண்ணு ஏறுத வண்டிய வயித்தக் கிழிச்சுக் காட்டுவாவளாலே? போ அங்கன."

எல்லோரும் சிரித்தார்கள். ஜாபேஸ் சார் அன்றைக்குப் பந்தியில் பாதியிலேயே எழுந்துவிட்டார்.

வீட்டில் அவர் மனைவி கெசியா ஒருத்திக்குத்தான் எல்லாம் தெரியும். விரிசல் விழுந்த பழைய எஞ்சின் பின்கட்டில் சாக்குக்குள் கிடக்கிறது. அதன்மேல் கற்றாழைத் தொட்டி வைத்திருக்கிறாள். "உள்ள என்ன இருக்குன்னு கர்த்தருக்குத் தெரியும், எனக்குத் தெரியும். மிச்சம் இருக்கது பாளையங்கோட்டதான். அதுக்குப் போயி இந்தப் பயம் பயப்படுதீங்களே" என்பாள். அவரோ குமிழை எடுத்து வேட்டி நுனியால் துடைத்து மறுபடி பைக்குள் போட்டுக்கொள்வார்.

இது அத்தனையும் தன்னோடு போகிற வெட்கமாக இருந்திருந்தால், ஒருவேளை அவர் அதைச் சுமந்தே காலத்தைத் தள்ளியிருக்கக் கூடும். மேலப்பாளையத்தில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் அகமது மீரான் வந்துசேர்ந்ததுதான் கோளாறு. மீரானின் வாப்பா வாலிபத்தில் ஆசையாக வாங்கிய வண்டியும் ஒரு மாரிஸ் மைனர். எஞ்சின் இறுகிப்போய்க் கொட்டகையில் கிடந்தது. காயல்பட்டினத்தில் கட்டிக்கொடுத்த மகள் வீட்டு வாசலில் அந்த வண்டியில் போய் இறங்க வேண்டும் என்பது கிழவரின் ஆசை.

"வேன் எஞ்சின் போட்டு ஓட விட்டுரலாம்னு மெக்கானிக் சொல்லுதான். நீங்க என்ன சார் சொல்லுதீங்க?" என்று மீரான் கேட்டபோது, ஜாபேஸ் சாரின் எஞ்சின் மாறி வெகுநாள் ஆகியிருந்தது. அன்றைக்கு அவரைச் சுற்றி நாலு பேர் உட்கார்ந்திருந்தார்கள். வாய் பழக்கத்தில் சொல்லிவிட்டது.

"அது வண்டியா வே? வேசம்."

மீரான் முகம் சிறுத்து, கேட்டதற்கே வெட்கப்பட்டவனாக எழுந்துபோனான். அதற்குப் பிறகு அவன் வேன் எஞ்சின் பேச்சை எடுக்கவில்லை. சென்னை, கோயம்புத்தூர், கொச்சி என்று அசலைத் தேடி அலைந்தான். வாப்பா சாயங்காலங்களில் தொப்பியைச் சரிசெய்துகொண்டு, எஞ்சின் ஓடாத வண்டிக்குள் ஏறி உட்கார்ந்து காற்று வாங்குவாராம். போன ரமலான் கழிந்த வாரத்தில் அவர் மவுத்தாகிப் போனார். துக்கம் கேட்கப் போன ஜாபேஸ் சாரை மீரான் கொட்டகைக்கு அழைத்துப்போய்க் காட்டினான். ஸ்டியரிங்கில் வாப்பா உருட்டி ஓதிய தஸ்பீஹ் மாலை தொங்கியது.

"நீங்க அன்னைக்குச் சொன்னதுனாலதான் சார் தப்பிச்சேன். இல்லேன்னா கண்டதப் போட்டு வாப்பா வண்டியக் கெடுத்திருப்பேன்."

ஜாபேஸ் சார் அங்கே தண்ணீர்கூடக் குடிக்காமல் திரும்பினார்.

இந்த ஞாயிற்றுக்கிழமை அவர் வலையைத் தேய்த்துக்கொண்டிருக்கையில் வாசலில் ஆட்டோ வந்து நின்றது. மீரான் இறங்கினான். முழங்கால் மடங்காததால் அவன் உம்மா ஹமீது பீவி உள்ளேயே இருந்தாள்.

"கோயம்புத்தூர்ல ஒரு எஞ்சின் கெடக்காம் சார். பாதி சாமான் இல்ல. சேத்து மாட்ட இன்னும் ரெண்டு வருசம் ஆவும்ங்கான். உம்மா அதுவரைக்கும் பொறுக்கமாட்டேங்கா. வேன் எஞ்சினுன்னா பெருநாளைக்கு முன்ன ஓடிரும். நீங்க ஒரு வார்த்த சொல்லுங்க. வேண்டாம்னா வேண்டாம்."

ஆட்டோவுக்குள்ளிருந்து குரல் வந்தது. "சாரு, எஞ்சினுக்குக் காத்துக் கெடந்தே எங்க வீட்டு மனுசன் போய்ச் சேந்தாவ. இப்ப நானும் காக்கணுமா? வேசம் போட்டுப் போனா எம் மக வாசல்ல என்னைய எறங்க விடமாட்டாளா?"

ஆட்டோக்காரன் சிரித்துவிட்டான். மீரான் சங்கடத்தில் நெளிந்தான். ஜாபேஸ் சார் பிரஷ்ஷைக் கீழே வைத்தார். ஒற்றை வார்த்தையில் முடித்துவிடலாம் என்று தோன்றியது.

"போடும் வே. ஒண்ணும் தப்பில்ல."

மீரான் நம்பாமல் பார்த்தான். "வாப்பா இருந்தப்ப கூடாதுன்னீங்களே சார். இப்ப மட்டும் எப்படிச் சரியாவும்?"

அவன் குத்திக் கேட்கவில்லை. பாடம் புரியாத மாணவனைப்போல் உண்மையாகவே கேட்டான். அதுதான் அவருக்குத் தாங்கவில்லை. கை வழக்கம்போல் பைக்குப் போனது. இந்தத் தடவை பொத்திக்கொள்ளாமல் உள்ளே நுழைந்தது.

வண்டிக்குள் ஏறி, குமிழைக் கம்பியில் வைத்துத் திருகினார். புரி பிடிக்காமல் இரண்டு தடவை வழுக்கியது. இழுத்தார். முன்னால் 'டக்' என்று பூட்டு விட்டது. இறங்கி வந்து பானெட்டை உயர்த்தினார். பத்து மணி வெயில் உள்ளே விழுந்தது. பாட்டன் காலத்துக் கூட்டுக்குள், வெள்ளி நிறத்தில், நேற்று வந்ததுபோல் உட்கார்ந்திருந்தது வேன் எஞ்சின்.

மீரான் குனிந்து பார்த்தான். நெடுநேரம் நிமிரவில்லை.

"எப்ப சார் மாத்துனீங்க?"

"நீரு மொதல்ல வந்து கேட்டீர்லா. அதுக்கும் முன்னால."

"ஏலே மீரான், அங்கன என்னதாம்லே இருக்கு?" என்றாள் ஹமீது பீவி ஆட்டோவிலிருந்து. மீரான் மறுபடி எஞ்சினைப் பார்த்தான். பிறகு, இரண்டு கைகளாலும் பானெட்டைத் தலைக்குமேல் ஏந்தி நிற்கும் மனிதரைப் பார்த்தான். முட்டுக் கொடுத்து நிறுத்துகிற கம்பி, அதன் கொக்கியிலேயே கிடந்தது.

"கம்பியக் குடுத்து நிறுத்துங்க சார். கை வலிக்கும்லா."

ஜாபேஸ் சார் கம்பியை எடுக்கவில்லை. அவன் பார்த்து முடிக்கும்வரை அப்படியே ஏந்தி நின்றார்.