அப்பா வாங்காத சம்மதம்

எங்கள் அப்பாவின் முதலாண்டு நினைவு நாளில் இம்மலரைப் பெற்றுக்கொள்ளும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். அவர் வேலை பார்த்த தேயிலை நிறுவனத்தின் ஆண்டறிக்கையை உங்களில் பலர் இணையத்தில் பார்த்திருப்பீர்கள். சுற்றுலா விடுதி கட்டுவதற்காகக் கீழ் லைன் குடியிருப்பு மக்கள் தங்கள் குடிநீர் ஊற்றை விட்டுக்கொடுத்தார்கள் என்றும், அந்தச் சம்மதத்தை வாங்கித் தந்தவர் அப்பா என்றும் அதில் படத்தோடு இருக்கிறது. அது பொய். நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன்.

அப்பா பிறந்தது பர்லியாரில். தாத்தா அங்கே அரசுப் பழப்பண்ணையில் வேலை பார்த்தார். தகப்பனை இளவயதிலேயே இழந்த அப்பா, குன்னூரில் உறவினர் வீட்டில் தங்கிப் படித்து, எஸ்டேட் அலுவலகத்தில் எழுத்தராகச் சேர்ந்து, மக்கள் தொடர்பு அலுவலரானார். தொழிலாளர் குடியிருக்கும் லைன்கள், தொழிற்சங்கம், வனத்துறை, ஊராட்சி என எல்லாரிடமும் நிறுவனத்துக்காகப் பேசுவது அவர் வேலை. எந்த லைனில் இறப்பு நேர்ந்தாலும் முதல் ஆளாகப் போய் நிற்பார். அங்கே அலுவலகப் பேச்சை எடுக்கவே மாட்டார்.

பிறகு வெளிநாட்டு முதலீடு வந்தது. தோட்டத்து மக்கள் திருப்தியாக இருக்கிறார்களா, ஆதாரம் காட்டுங்கள் என்று தேயிலை வாங்கும் அயல்நாட்டு நிறுவனங்கள் கேட்கத் தொடங்கின. நல்ல கேள்விதான். பதில் சொல்லும் பொறுப்பு பெங்களூரு விளம்பர ஏஜென்சி ஒன்றிடம் போயிற்று. முன்பு நிறுவனம் லைன் மக்களுக்குக் கொஞ்சமாவது பயந்தது. இப்போது வாங்குபவருக்கு மட்டுமே பயந்தது. அப்பாவிடம் ஒரு மடிக்கணினியைக் கொடுத்தார்கள். அதில் ஒவ்வொரு லைனுக்கும் ஒரு நிறம். நான் மென்பொருள் படித்தவள் என்பதால் என்னிடம் விளக்கம் கேட்டார்.

"கீழ் லைன் ஏன் அம்மணி செவப்பா இருக்குது?"

"கம்பெனிக்கு எதிரானவங்கன்னு அர்த்தம்ப்பா. விடுதிக்கு ஊத்துத் தண்ணியக் குடுக்க மாட்டோம்னாங்கல்ல."

"குடிக்கிற தண்ணியக் குடுக்க மாட்டேன்னா எதிரியா? இதைச் செஞ்சவரு தண்ணியே குடிக்கறதில்லையாமா?"

சில வாரங்களில் அந்தச் சிவப்பு பச்சையானது. அப்பா யாரிடமும் எதையும் கேட்டிருக்கவில்லை. அறிக்கை வந்த பிறகே காரணம் தெரிந்தது. கீழ் லைன் செல்வி அக்காவின் மாமியார் இறந்தபோது அப்பா துக்கம் கேட்கப் போனார். எஸ்டேட்டைப் பார்க்க வந்திருந்த ஏஜென்சி அலுவலர் ஒருவரும் கூடவே போய்க் கைப்பேசியில் படம் எடுத்திருக்கிறார். பந்தல், பிளாஸ்டிக் நாற்காலிகளில் தலைகுனிந்த ஆண்கள், கைகூப்பி நிற்கும் அப்பா, ஓரத்தில் பாதி கட்டிய மூங்கில் பாடை. அதன்கீழே 'கலந்தாய்வுக் கூட்டம், ஒருமனதான சம்மதம்' என்று போட்டுவிட்டார்கள். இந்த மலையில் யாரிடம் காட்டினாலும் அது சாவு வீடு என்பார்கள். பெங்களூரில் அறிக்கை தயாரித்த ஒருவருக்கும் தெரியவில்லை. தெரிந்துகொள்ள அக்கறையும் இல்லை.

படத்தை நீக்கும்படி அப்பா நேரில் போய்க் கேட்டார். "டீ வாங்கற பையர் பார்த்து ஓகே பண்ணிட்டாங்க சார். இப்ப எடுத்தா கம்பெனிக்குத்தான் கெட்ட பேரு" என்றார் மேலாளர். அப்பா அன்றே வேலையை விட்டார். ஊற்றைச் சுற்றி வேலி வந்தது. அப்பா ஊற்றை விற்றுவிட்டார் என்று மற்ற லைன்களில் பேசினார்கள். இதுதான் அவர் உயிரை வாங்கியது என்று நான் எழுதமாட்டேன். இதய நோய் முன்பே இருந்தது. கடைசி மாதங்களில் அவர் எந்தச் சாவு வீட்டுக்கும் போகவில்லை என்பதை மட்டும் எழுதுகிறேன்.

அவர் மறைந்த அன்று எங்கள் வாசலிலேயே ஒருவர் ஊற்றை விற்ற பேச்சை எடுத்தார். செல்வி அக்கா எழுந்து நின்றார்.

"அது எங்க மாமியா செத்தன்னிக்கு எடுத்த படமுங்க. உக்காந்திருக்கறது எங்க பங்காளிங்க. ஏனுங்க, எழவு ஊட்ல உக்காந்துட்டு யாராச்சும் தண்ணிய எழுதிக் குடுப்பாங்களா?"



அப்பாவை ஏற்றிக்கொண்டு கோவை மருத்துவமனைக்கு மூடுபனியில் வண்டி ஓட்டிய பக்கத்து வீட்டு அண்ணனுக்கும், வாழ்நாளெல்லாம் அப்பாவோடு வாதிட்டுக் கடைசியில் அவருக்குத் தோள் கொடுத்த தொழிற்சங்கச் செயலாளருக்கும் எங்கள் நன்றி. நிறுவனம் அனுப்பிய இரங்கல் பக்கத்தை இம்மலரில் சேர்க்கவில்லை.

அப்பாவை நீராட்டும் நேரம் வந்தபோது கீழ் லைன் பெண்கள் எங்கள் குழாயைத் தொடவில்லை. குடங்களோடு ஊற்றுக்கே போய்த் தண்ணீர் மொண்டு வந்தார்கள். அவர்கள் ஒவ்வொருவருக்கும் நன்றி. வேலியின் பூட்டைத் திறந்துவிட்ட காவலாளிக்கும் நன்றி. பெயரை எழுதினால் அவருக்கு வேலை போய்விடும்.