மார்லிஸுக்கென்று எடுத்து வைத்த டப்பா

மார்லிஸ் ஓடகார்டின் வீட்டில் சிறு ரக மலைப்பாம்புகள் ஐந்து இருந்தன. ஐந்தில் ஒன்றுக்குக்கூடத் தலை நேராக நிற்காது. ஒன்று எப்போதும் கூரையைப் பார்த்தபடி இருக்கும். இன்னொன்று யாரோ ஏதோ கேட்டதுபோல இல்லை இல்லை என்று தலையாட்டும். மற்றொன்று தண்ணீர்க் கிண்ணத்துக்குப் புறப்பட்டால், பக்கத்துச் சுவரில் முட்டி, திரும்பி, இன்னொரு முறை முட்டித்தான் போய்ச் சேரும். அவளுடைய கணவன் லைல் இவற்றுக்குக் குடிகாரக் கூட்டம் என்று பெயர் வைத்திருந்தான். திட்டுவானே தவிர, உறைபெட்டியில் இறைச்சிக்குப் பக்கத்தில் எலிப் பொட்டலங்களை அடுக்கி வைப்பவனும் அவன்தான்.

அமெரிக்காவில், மின்னசோட்டா மாநிலத்தின் தெற்குப் பகுதியில், ஒவட்டோனா என்ற ஊரில் அவர்கள் வீடு. கார் நிறுத்தும் கொட்டகையை மாற்றி அதில் மார்லிஸ் முடி திருத்தும் கடை வைத்திருந்தாள். ஊரில் அறுபது தாண்டிய பெண்கள் பாதிப் பேர் அவளிடம்தான் வருவார்கள். தலையில் முடி சுருட்டும் குழல்களோடு உட்கார்ந்து, பேரப்பிள்ளைகளைப் பற்றிப் பேசி முடித்ததும் பாம்புகளின் நலத்தையும் தவறாமல் விசாரிப்பார்கள். மார்லிஸ் பால்மாட்டுப் பண்ணையில் பிறந்தவள். விடியுமுன் எழுந்து சாணம் அள்ளியே இளமை போயிற்று. மகள் பிரிட்டா கல்லூரிக்குப் போகும்போது விட்டுப் போன பாம்புதான் முதலாவது. வாரத்துக்கு ஒரு வேளை சாப்பாடு, சத்தமில்லை, பால் கறக்க வேண்டியதில்லை. இப்படிப்பட்ட பிராணியை ஏன் யாரும் முன்பே எனக்குச் சொல்லவில்லை என்று கேட்டாள். அது செத்துப்போன பிறகு வீடு வெறிச்சென்று இருந்தது. அக்டோபர் மாதப் பாம்புச் சந்தைக்கு முதன்முதலாக அப்போதுதான் போனாள்.

சந்தை பொருட்காட்சி மைதானக் கூடத்தில் நடக்கும். மேசை மேசையாகத் தயிர் டப்பா அளவில் வட்டப் பிளாஸ்டிக் டப்பாக்கள். மூடியில் ஓட்டைகள். ஒவ்வொன்றிலும் ஒரு குட்டி, பந்தாகச் சுருண்டு கிடக்கும். அந்தக் காலத்தில் எல்லோரும் விரும்பியது சிலந்தி என்கிற ரகத்தை. பொன்னிற உடம்பில் மெல்லிய கறுப்புக் கோடுகள், வலை பின்னினாற்போல. பார்த்தால் கண்ணெடுக்க முடியாது. ஆனால் அந்தக் கோலம் எந்தக் குட்டியின் மேல் விழுகிறதோ, அதன் தலையில் நடுக்கமும் கூடவே விழும். சிலதுக்குக் கொஞ்சம், சிலதுக்கு நிறைய. அவ்வளவாக நடுங்காத தாய் தகப்பனாகப் பார்த்துச் சேர்த்தால் சரியாகிவிடும் என்று எத்தனையோ பேர் முயன்றார்கள், ஒன்றும் நடக்கவில்லை. டப்பாவுக்குள் சுருண்டு கிடக்கும்வரை நடுக்கம் வெளியே தெரியாது. அது விற்பவர்களுக்கு வசதி.

ஆர்லோ வானெக் அப்படி விற்பவர்களில் ஒருவர். பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவர், கெட்டவர் அல்ல. ரொம்ப நடுங்கும் குட்டியை அவர் மேசைமேல் வைக்கமாட்டார், கீழே மறைத்து வைத்திருப்பார். கடைசி மணி நேரத்தில் கூட்டம் கலைந்த பிறகு வந்த மார்லிஸின் கண்ணில் அந்த டப்பா பட்டுவிட்டது.

"அது விக்கறதுக்கு இல்லைங்க. எலி மூஞ்சிக்கு நேரா இருந்தாக்கூட அதுக்குக் கவ்வத் தெரியல. வீட்டுக்குப் போய் அதோட கஷ்டத்த முடிச்சுடலாம்னு இருக்கேன்" என்றார் ஆர்லோ.

"உங்களுக்குச் சிரமம் இல்லேன்னா நான் எடுத்துக்கறேனே."

"ஐயோ, உங்களுக்கு எதுக்குங்க அந்தத் தொல்லை?"

"தொல்லையெல்லாம் ஒண்ணுமில்லைங்க."

அந்தப் பக்கத்து மனிதர்களின் சுபாவம் அது. ஒரு காப்பி கொடுத்தாலும் மூன்று முறை வேண்டாம் என்பார்கள், மூன்று முறையும் நீங்கள் வற்புறுத்த வேண்டும், அப்புறம்தான் கை நீளும். யாரும் யார் மனதையும் நோகடிக்கக் கூடாது, அவ்வளவுதான் சட்டம். அன்றைக்கும் இரண்டு பேரும் முறைப்படி மாறி மாறி மறுத்தார்கள். கடைசியில் மார்லிஸ் பணத்தை அவர் சட்டைப்பையில் திணித்துவிட்டு, டப்பாவைக் கோட்டுக்குள் வைத்துக்கொண்டு வந்தாள்.

அடுத்த அக்டோபரில், அவள் கேட்காமலே, மேசைக்கடியில் ஒரு டப்பா காத்திருந்தது. அதற்கடுத்த வருடமும் அப்படியே. உண்மையைச் சொன்னால் மூன்றாவது பாம்போடு மார்லிஸுக்குப் போதும் என்றாகிவிட்டது. ஆனால் பாவம், ஆர்லோ எனக்கென்றே எடுத்து வைத்திருக்கிறாரே, எப்படி வேண்டாம் என்பது? நான்கு, ஐந்து என்று வீடு நிறைந்தது. அவளுக்கு அதில் பெருமையும் இருந்தது. நாம் இல்லாவிட்டால் இவை இந்நேரம் செத்திருக்கும் என்று எண்ணும்போதெல்லாம் நெஞ்சு நிறையும்.

ஆறாவது அக்டோபரில் ஆர்லோ டப்பாவைத் திறந்தே காட்டினார். குட்டி அவள் மணிக்கட்டில் ஏறியது. தலை மெதுவாகத் திருகித் திருகி, கடைசியில் தாடை வானத்தைப் பார்த்தது. கீழே விழுந்துவிடுவோம் என்று பயந்ததுபோல வாலால் அவள் கையை இறுக்கிக்கொண்டது. இவ்வளவு மோசமான ஒன்றை அவள் பார்த்ததில்லை.

"இதுவும் அதே ஜோடிக்குப் பொறந்ததுதானா, ஆர்லோ?"

"அதேதான்" என்றார் அவர் உற்சாகமாக. "உண்மைய சொல்றேன், மார்லிஸ், அஞ்சாறு வருஷம் முன்னாடியே இதை விட்டுடலாம்னு இருந்தேன். இப்படி ஒண்ணு பொறந்துடும், என் கையாலயே கொல்லணும். அன்னிக்கு முழுக்கச் சோறு எறங்காது. என் சம்சாரம் பெவ் வேற ஒரு வாரம் பேசமாட்டா. அப்பறம்தான் நீங்க வந்தீங்க. இப்ப நிம்மதியா ஜோடி சேக்கறேன். எது எப்படிப் பொறந்தாலும் மார்லிஸ் இருக்காங்கன்னு."

நன்றியோடுதான் சொன்னார். இத்தனை வருடம் தான் காப்பாற்றியது பாம்புகளை அல்ல, ஆர்லோவின் மனசாட்சியை என்று அந்தக் கணத்தில் மார்லிஸுக்கு உறைத்தது. சோறு இறங்காத அந்த ஒரு நாள்தான் இந்த மனிதரை நிறுத்தியிருக்கும். அந்த நாளை அவள் வருடாவருடம் காசு கொடுத்து வாங்கிப் போயிருக்கிறாள்.

கையை இறுக்கியிருந்த வாலை மெல்ல விடுவித்து, குட்டியை டப்பாவில் வைத்தாள்.

"எனக்கு வேண்டாம், ஆர்லோ."

"அட, எடுத்துக்குங்க" என்று சிரித்தார். இது முதல் மறுப்பு அல்லவா?

"வேண்டாம்."

"உங்களுக்குன்னே வெச்சிருந்தேன். காசே வேண்டாம்."

"வேண்டாங்க."

மூன்றும் முடிந்ததால் ஆர்லோ திருப்தியாக டப்பாவை அவள் பக்கம் தள்ளினார். மார்லிஸ் அதைத் திரும்ப அவர் பக்கமே தள்ளினாள். அவள் முகமெல்லாம் சிவந்துவிட்டது.

"இது மரியாதைக்குச் சொல்ற வேண்டாம் இல்ல, ஆர்லோ. நெஜமாவே வேண்டாம்."

அவர் சிரிப்பு அப்படியே நின்றது. "அப்ப இத யாரு பாத்துக்கறது?"

"பொறக்க வெச்சது நீங்க. நீங்களே பாருங்க."

"முடிச்சுட்டா?"

"முடிக்கறதுன்னாலும் உங்க கையாலதான் முடிக்கணும். இது உங்க கண்ணுல படக்கூடாதுன்னு நான் வந்து தூக்கிட்டுப் போகமாட்டேன், இனிமே."

நிறுத்துமிடத்தில் காருக்குள் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். வீட்டுக்கு வெறுங்கையோடு வந்தவளைப் பார்த்து லைல், "என்ன, ஊர்ல குடிகாரனுங்க தீந்துட்டானுங்களா?" என்றான். அவள் நடந்ததைச் சொன்னாள். அவன் உருளைக்கிழங்கு போட்டு வேகவைத்த கறிச்சட்டியை அடுப்பிலிருந்து எடுத்து, அவளுக்கு நிறையவே பரிமாறினான்.

"தப்புப் பண்ணிட்டேனா, லைல்?"

"தெரியல. ஆனா நீ ஒருத்தர்கிட்ட வேண்டாம்னு சொல்லி நான் பாத்ததே இல்ல. அதப் பாக்கறதுக்காகவாவது நான் வந்திருக்கணும்."

கடையில் செய்தி பரவியது. "ஒரு வாயில்லாச் சீவனை எப்படிடி விட்டுட்டு வந்த?" என்று ஆர்டிஸ் பாட்டி தலைக்குச் சாயம் ஏறும்வரை கேட்டுக்கொண்டே இருந்தாள். மார்லிஸிடம் பதில் இருந்தது, ஆனால் அதைச் சொல்லும்போதெல்லாம் மணிக்கட்டில் அந்த இறுக்கம் ஞாபகம் வந்தது. அது உயிரோடு இருக்கிறதா? ஆர்லோவைக் கூப்பிட்டுக் கேட்டுவிடலாம். கேட்டால், வந்து எடுத்துக்கொள்கிறேன் என்று தன் வாயே சொல்லிவிடும் என்று அவளுக்குத் தெரியும். அதனால் தொலைபேசிப் பக்கமே போகவில்லை.

பனி முழங்கால் அளவு விழுந்த பிறகு ஒரு சனிக்கிழமை ஆர்லோவே கூப்பிட்டார். வணக்கம்கூட இல்லை.

"திங்கவே மாட்டேங்குது. என்ன எழவப் பண்றது?"

மார்லிஸ் தொலைபேசியைக் காதோடு அழுத்திக்கொண்டாள். உயிரோடு இருக்கிறது!

"எலிய அது முன்னாடி ஆட்டிக் காட்டறீங்களா?"

"ஆட்டாம? எல்லாப் பாம்புக்கும் அப்படித்தான குடுக்கறோம்?"

"இதுக்கு ஆட்டக்கூடாது. குறி தப்பித் தப்பிப் பயந்துபோயிடும். சின்ன இருட்டுப் பெட்டியில வையுங்க. எலியோட மூக்க அதோட வாய்கிட்ட கொண்டுபோய் அசையாம புடிங்க."

"எவ்வளவு நேரம்?"

"அது சாப்பிடற வரைக்கும்."

மறுமுனையில் நீண்ட பெருமூச்சு கேட்டது. பிறகு சனிக்கிழமைதோறும் அழைப்பு வந்தது. கை மரத்துப்போச்சு என்பார், டிவியில ஹாக்கி ஆட்டம் பாதி போச்சு என்பார். ஒரு நாள் பெவ்வே தொலைபேசியைப் பிடுங்கி, "இவரு கை நடுங்குதுங்க, பாம்புத் தலைய விட. இப்ப நான்தான் ஊட்டறேன்" என்றாள். வந்து எடுத்துக்கொள்கிறேன் என்று மார்லிஸின் நாக்கு நுனிவரை வந்தது. ஒவ்வொரு முறையும் விழுங்கினாள்.

வசந்தத்திலும் ஒரு சந்தை உண்டு. அந்த ஏப்ரல் சந்தைக்கு மார்லிஸ் கடைசி மணி நேரத்துக்குக் காத்திராமல் காலையிலேயே போனாள். ஆர்லோவின் மேசையில் சாதாரணப் பழுப்புக் குட்டிகளும் மஞ்சள் குட்டிகளும்தான் இருந்தன. மேசைக்கடியில் அவருடைய சாப்பாட்டுப் பை மட்டும் இருந்தது.

"பெவ் வரலையா?"

"இன்னிக்கு அதுக்குச் சாப்பாட்டு நாள். அத விட்டுட்டு வருவாளா?" என்று முறைத்தார். முறைப்பில் கோபத்தைக் காணோம். "நல்லாத்தான் இருக்கு. கொஞ்சம் எடை ஏறியிருக்கு."

அப்போது ஒருவன் மனைவியோடு வந்து டப்பாக்களைத் தூக்கித் தூக்கிப் பார்த்தான். "சிலந்தி இல்லைங்களா? நீங்கதான் நல்லா வெச்சிருப்பீங்கன்னு சொன்னாங்க."

"இல்ல" என்றார் ஆர்லோ. இந்த வருஷம் அந்த ஜோடியைச் சேர்க்கவில்லை, இனியும் சேர்ப்பதில்லை என்றார்.

"அடடா. வேற யார்கிட்ட கெடைக்கும்?"

ஆர்லோ மார்லிஸை ஒரு பார்வை பார்த்தார். பிறகு அவன் பக்கம் குனிந்தார்.

"எங்க வீட்ல ஒண்ணு இருக்கு, விக்கறதுக்கு இல்ல. ஏதாவது ஒரு சனிக்கிழமை வாங்க, பெவ் காப்பி போடுவா. அதுக்கு ஒரு வேளை நீங்க ஊட்டுங்க. ஊட்டி முடிச்சப்பறமும் வேணும்னு தோணுச்சுன்னா, அப்பச் சொல்லுங்க, யார்கிட்ட கெடைக்கும்னு நானே சொல்றேன்."

அவன் மனைவியைப் பார்த்தான். அவள், "எவ்வளவு நேரமாகுங்க?" என்று கேட்டாள்.

"அது சாப்பிடற வரைக்கும்" என்றாள் மார்லிஸ்.