மண்ணுக்குள் இறங்காத சுரங்கத் தொழிலாளி

சுரங்கத்தை மூடி, ஊர் பாதி காலியான பிறகுதான் அது பாரம்பரிய நகரம் என்று மேலிடத்துக்குத் தெரியவந்தது. சுரங்கம் ஓடிய காலத்தில் ஒழுகிய குழாயைத் திரும்பிப் பார்க்காதவர்கள், இப்போது அதே குழாயைத் தொடக் கூடாது என்று பலகை மாட்டினார்கள். கரிக்கழிவு மேட்டுக்குக் காட்சி முனை என்று பெயர் வைத்தார்கள். ஆஸ்பத்திரியில் இருமல்காரர்கள் படுத்துக் கிடந்த கூடத்தில் காபிக் கடை வந்தது. காற்றோட்டமான இடமாம்.

வருகிறவர்களுக்குச் சுற்றிக் காட்ட ஓர் அசல் தொழிலாளி வேண்டும். மிச்சமிருந்த அசல்கள் இரண்டு வாக்கியம் பேசினால் நாலு நிமிஷம் இருமினார்கள். பாரம்பரியக் குழுவின் செயலாளரம்மா ஊரெல்லாம் அலசி, கடைசியில் சலூன்காரரைப் பிடித்தார். அகன்ற மார்பு, கணீர்க் குரல், முறுக்கிய மீசை.

"நான் முடிதாங்க வெட்டினேன். கரி வெட்டலை."

"ரெண்டும் வெட்டுறதுதானே?" என்று ஹெல்மெட்டை மாட்டிவிட்டார் அந்த அம்மா.

சலூன்காரருக்கு மூடிய இடம் என்றாலே குலை நடுங்கும். குளிக்கும்போதுகூடத் தாழ்போட மாட்டார். ஆனால் சுரங்கத்தில் நடந்ததெல்லாம் அவர் நாற்காலியில் உட்கார்ந்தவர்கள் வாய்வழி அவருக்கு அத்துப்படி. எனவே வெளிவாசலில் நின்றபடியே விளாசித் தள்ளினார். அதிலும் கூரை சரிந்து இருட்டில் சிக்கிய கதையைச் சொன்னால், கூட்டம் மூக்கை உறிஞ்சும்.

ஒருநாள் அந்தக் கதைக்குச் சொந்தக்காரரே கேட்க வந்துவிட்டார். சலூன்காரர் மனைவியின் அண்ணன்.

"என்னைவிட நல்லா சொல்றீங்க மாப்பிள்ளை. ஆனா நான் எப்ப அழுதேன்?"

"நீங்க அழலை மச்சான். அழாட்டி இவங்ககிட்ட எடுபடாது."

மச்சான் சிரித்துச் சிரித்து இருமினார்.

விதி சும்மா விடவில்லை. தொழிலாளிகளை இறக்கி ஏற்றிய பழைய கூண்டைப் பழுதுபார்த்து, பார்வையாளர்களைக் கீழே இறக்கக் குழு முடிவெடுத்தது. சலூன்காரருக்குச் சோறு இறங்கவில்லை. "இத்தனை வருஷம் தப்பிச்சேன். மூடின பிறகு மாட்டிக்கிட்டேனே!" என்று மனைவியிடம் புலம்பினார். அவள் ஆறுதலுக்குப் பதிலாக அண்ணனைத் துணைக்கு அனுப்பினாள்.

கூண்டு இறங்கியது. சலூன்காரர் கம்பியைப் பற்றி, கண்ணை இறுக மூடி, பேச்சுமூச்சில்லாமல் நின்றார். செத்துப்போன தோழர்களுக்கு மௌன அஞ்சலி என்று நினைத்து மொத்தக் கூட்டமும் தலை குனிந்தது. செயலாளரம்மாவுக்குப் புல்லரித்துவிட்டது.

கீழே படம் எடுக்கும்போது மச்சானுக்கு இருமல் பிடித்துக்கொண்டது.

"அவரைக் கொஞ்சம் ஓரமா நிக்கச் சொல்லுங்க. படம் கெடுது" என்றார் செயலாளரம்மா.

அதுவரை நடுங்கிக்கொண்டிருந்த சலூன்காரருக்கு எங்கிருந்தோ ரோஷம் வந்தது. ஹெல்மெட்டைக் கழற்றி மச்சான் தலையில் வைத்தார்.

"அவர் நிக்கட்டும்மா. இங்க வேலை பார்த்தவர் அவர். நான் ஓரமா நிக்கிறேன்."

இருமல் மட்டும் சுவருக்குச் சுவர் மோதிக் கேட்டது.

குழு இதைக் கேட்டு வெட்கப்பட்டது என்று எழுத ஆசைதான். அடுத்த மாதத் துண்டறிக்கையில், 'அசல் தொழிலாளியின் அசல் இருமல்' என்று ஒரு வரி கூடியது, அவ்வளவுதான். இப்போது இருவரும் சேர்ந்தே இறங்குகிறார்கள். சலூன்காரர் பேசுகிறார், மச்சான் இடையிடையே திருத்துகிறார். கதையில் இப்போது யாரும் அழுவதில்லை. கூண்டு நகரும்போது மட்டும் மாப்பிள்ளையின் மணிக்கட்டை மச்சான் பிடித்துக்கொள்கிறார்.